பழைய புல்லட் வாங்கப் போகிறீர்களா?

மாடு வாங்கப் போகிறவர் சும்மா போவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், ஒரு வேளை கறந்து காட்டச் சொல்கிறார். விஷயம் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துக்கொண்டும் போகிறார். ஆனால் அதே மனிதர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும் என்று புறப்பட்டால், இந்த முன்யோசனையெல்லாம் எங்கோ பறந்துவிடுகிறது! யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில் தூசி படிந்து நிற்கும் வண்டியைக் கண்டதுமே மனம் மயங்கிவிடுகிறது. "இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, விடலாமா?" என்று கை பர்ஸைத் தேடுகிறது.

அந்த மலிவு என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய வண்டியின் விலை, விற்பவர் வாயால் சொல்லும் தொகை அல்ல. அதில் காணாமற்போன சாமான்களின் விலையும், அதன் காகிதங்களில் உள்ள சிக்கலும் சேர்ந்ததே அதன் உண்மையான விலை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

புல்லட்டுக்கு ஏன் இந்த மவுசு?

நம் பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிள் என்றதும் பலருக்கும் நினைவு வருவது புல்லட்தான். அது நியாயமும்கூட. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்பீல்டு வண்டியை நமது ராணுவம் 1950-களின் தொடக்கத்தில் விரும்பி வாங்கியது. 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ரெட்டிச் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. தாய் வீடு மறைந்த பிறகும் மகள் திருவொற்றியூரில் சௌக்கியமாக வாழ்ந்தாள்! 1977-ல் இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதியும் ஆயிற்று.

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய யந்திரம் 2010 வாக்கில்தான் விடைபெற்றது. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சி.சி. இந்த அளவுகள் நெடுங்காலம் மாறாமல் இருந்ததால், அதன் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதன் நோய் அறிந்த மெக்கானிக்குகளும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். புதுப்பிக்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் வேறு என்ன வேண்டும்?

முதலில் காகிதம், பிறகு வண்டி

பத்திரம் பார்க்காமல் நிலம் வாங்குவோமா? ஆர்.சி. புத்தகம் பார்க்காமல் வண்டியைத் தொடவே வேண்டாம். புத்தகத்தில் உள்ள இஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, புதுப் பற்றவைப்போ, ஒன்றுக்கொன்று சாய்ந்து நிற்கும் எழுத்துக்களோ தெரிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். திருட்டு வண்டியை எவ்வளவு அழகாகப் புதுப்பித்தாலும் அது நமக்குச் சொந்தமாகாது.

பழைய வண்டிகளில் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல், புத்தகம் இறந்துபோன தாத்தாவின் பேரில் இருப்பது. பேரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதாது. வாரிசுகள் முதலில் படிவம் 31 மூலம் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் 29, 30 என்ற படிவங்கள் மூலம் உங்களுக்கு விற்க முடியும். அந்த முதல் மாற்றம் முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் அபராதம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்து, அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஐம்பது வயது கடந்த, உருமாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி செய்தது. 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. ஆபீஸுக்குப் போய்வர நினைப்பவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

கண்ணால் பார், காதால் கேள்

வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, "நாங்கள் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். யந்திரம் சூடாக இருந்தால், யாரோ முன்கூட்டியே பாடுபட்டு அதை எழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டுவது போன்றது அது.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. ரிங், சிலிண்டர் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது பெரும்பாலும் கார்புரேட்டர் வேலையோடு தீரும். அடியிலிருந்து கனத்த அடிபோல் சத்தம் கேட்டால் கனெக்டிங் ராடு வேலை இருக்கிறது. அது பெரிய செலவு.

பல வருஷம் ஓடாத வண்டி என்றால் உதைத்துப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் பிஸ்டன் பிடித்திருக்கிறது என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். டாங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துத் துரு பாருங்கள். பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் நோக்கி, இரண்டு சக்கரமும் நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த சேஸிஸ், வளைந்த முதுகெலும்புக்குச் சமானம்.

கடைசியாக ஒரு காகிதத்தை எடுத்து, இல்லாத சாமான்களை வரிசையாக எழுதுங்கள். ஓட்டை சைலன்சர் பெரிதல்ல. அது கடையில் கிடைக்கும். ஆனால் அந்த வருஷத்து ஹெட்லைட் கூடு, ஆம்பியர் மீட்டர், டூல் பாக்ஸ், அசல் மட்கார்டு முதலியவை அவ்வளவு சுலபமாகக் கிடைப்பவை அல்ல. சென்னையில் உள்ளவர்கள் அந்தப் பட்டியலோடு புதுப்பேட்டைக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் ஒரு நடை போய் விலை விசாரித்துவிட்டுப் பிறகு பேரம் பேசட்டும். ஓடாத வண்டியானாலும் எல்லாச் சாமானும் உள்ளதே நல்லது. ஓடுகிறது, ஆனால் பாதி சாமான் மாற்றியது என்றால் அதுதான் வீட்டைச் சாப்பிடும்.

பிரிப்பது சுலபம், பூட்டுவது கஷ்டம்

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வண்டியைப் பிரித்துவிடலாம். பிறகு அது சாக்கு மூட்டையாக வருஷக் கணக்கில் கிடந்து, பழைய இரும்புக் கடைக்குப் போன கதைகள் எத்தனையோ! ஆகையால் ஒரு பகுதியை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கழற்றுமுன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் திருகுகளையும் தனி டப்பியில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். பழைய புல்லட்டில் பல திருகுகள் இங்கிலீஷ் அளவுகளில் உள்ளவை. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். வேறு மரையுள்ள திருகை ஏற்றினால் வார்ப்பே வீணாகிவிடும்.

சிலிண்டரை லேத் பட்டறையில் மேல், நடு, கீழ் என்று பல இடங்களில் அளந்த பிறகே போர் போடலாமா, ரிங் மட்டும் மாற்றினால் போதுமா என்று தீர்மானியுங்கள். வீணாக இரும்பைச் சுரண்டினால் வண்டியின் ஆயுளையே சுரண்டுவதாகும். வால்வு சரிபார்க்க விசேஷக் கருவிகூட வேண்டாம். யந்திரம் குளிர்ந்திருக்கும்போது, வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சியில் நிற்கையில், புஷ்ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

பிரேக், டயர் இரண்டிலும் கஞ்சத்தனம் உதவாது. டயரில் பூ இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு செய்த வாரம், பின் இரண்டு செய்த வருஷம். அத்துடன், இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கிவிடும். ஈரத்தை இழுத்து டாங்கில் துருவும் சேர்க்கும். குழாய்களைப் புதிதாக மாற்றி, நாள்பட நிறுத்தும்போது டாங்கை வடித்துவிடுங்கள்.

இன்னொன்று. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பது அந்தக் காலத்துப் புல்லட்டின் வழக்கம். இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடக்கூடும். சந்தடியில்லாத மைதானத்தில் கால் பழகிய பிறகே ரோட்டுக்கு வாருங்கள்.

பளபளப்பு மட்டும் போதுமா?

எல்லாவற்றையும் குரோமியம் பூசிப் பளபளக்க வைப்பது புதுப்பித்தல் ஆகாது. டாங்கில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதை விட்டுவையுங்கள். அதை ஒரு தொழிலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையால் வரைந்திருக்கிறார். பெயிண்ட் அடிக்க எந்தப் பட்டறையிலும் முடியும்; அந்தக் கையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வேலை தொடங்கும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பாகம் மாற்றியது, பிஸ்டன் என்ன அளவு, யார் கையால் நடந்த வேலை என்று விடாமல் எழுதி வையுங்கள். நல்ல வண்டி நம்மோடு முடிந்துபோவதில்லை; என்றோ ஒரு நாள் வேறொருவர் கைக்குப் போகும். அப்போது அவர் நம்மைப் போலத் தடவித் திண்டாடாமல், ஆர்.சி. புத்தகத்தோடு அந்த நோட்டையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கிக்கரை உதைப்பார்.