கொல்லைப்புறச் சிறகுகள் – 11: பழைய கூண்டு, புதிய காடை

ஜப்பானியக் காடையின் வாழ்க்கை வேகமாக ஓடி முடிவது. அவயம் 17, 18 நாள். ஏழெட்டு கிராம் எடையோடு வெளிவரும் குஞ்சு ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஓராண்டு நன்றாக இடும், பிறகு முட்டை குறையும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான காடைகளுக்கு ஆயுளே முடிந்துவிடுகிறது. ஆகவே கொல்லையிலோ மொட்டை மாடியிலோ பத்துப் பன்னிரண்டு காடை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது புதுப் பறவைகளைக் கூண்டில் சேர்த்தே ஆக வேண்டும். நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு எப்போதாவது வரும் இந்த வேலை, காடை வளர்ப்பவருக்கு வாடிக்கை.

அந்த வேலையில்தான் பறவைகள் அநியாயமாக வீணாகின்றன. மாலையில் அட்டைப்பெட்டியில் நான்கு காடைகள் வீட்டுக்கு வருகின்றன. கூண்டைத் திறந்து உள்ளே விட்டு, தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டு எல்லோரும் தூங்கப் போகிறார்கள். விடிந்து பார்த்தால் ஒன்று தலைத்தோல் உரிந்து மூலையில் கிடக்கிறது. இன்னொன்றுக்கு ஒரு கண் போய்விட்டது. “காடை என்றாலே சண்டைக்காரப் பறவை” என்று பழி பறவையின் மேல் விழுகிறது. இந்தப் பழியில் பாதிக்கு மேல் வளர்ப்பவரின் அவசரத்துக்கே உரியது.

புதிய பறவையே வேண்டாம், நம் கூண்டு முட்டையை நாமே பொரித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. ஒரு சுற்று, இரண்டு சுற்று வரை தாங்கும். அதற்கு மேல் காடை தாங்காது. அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உடன்பிறந்த காடைகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்துப் பார்த்தார்கள். 1966-ல் வெளியான அந்த ஆய்வில், கருவுறும் முட்டையும் பொரிக்கும் குஞ்சும் பிழைக்கும் குஞ்சும் சேர்ந்தே சரிந்தன. சில தலைமுறைக்குள் வம்சங்களே அற்றுப்போயின. நெருங்கிய இரத்த உறவில் இணைவதைக் கோழி தாங்குகிற அளவுக்குக்கூடக் காடை தாங்குவதில்லை. வெளி இரத்தம் வந்தே தீர வேண்டும்.

அதே டேவிஸிலிருந்துதான் 1974-ல் ஜப்பானியக் காடை இந்தியாவுக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே இசத்நகரில் தொடங்கிய அந்த வளர்ப்பு தெற்கே பரவியபோது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனத்திலும் நாமக்கல்லிலும் சொந்த ரகங்களை உருவாக்கியது. நாமக்கல் காடை-1 அவற்றில் ஒன்று. புதுப் பறவை வாங்குகிறவர்கள் பழைய பறவை வாங்கிய பண்ணைக்கே திரும்பப் போகாமல் வேறு இடத்தில் வாங்குவது, வெளி இரத்தம் வேண்டும் என்பதால், நல்லது. நெடுஞ்சாலை ஓரத்தில் வலைகட்டிப் பிடித்து விற்கும் காட்டுக் காடை மட்டும் கூடவே கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் வாங்குவதும் குற்றம். பண்ணையில் பிறந்த ஜப்பானியக் காடைக்குத்தான் வளர்க்க அனுமதி உண்டு.

வாங்கி வந்தவுடன் செய்ய வேண்டியது, சேர்க்காமல் இருப்பது. குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம், புதுப் பறவைகள் தனியே இருக்கட்டும். தனிக் கூண்டு, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். பழைய பறவைகளுக்குத் தீவனம் வைத்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். வரிசை மாறினால் நோய் நம் கையோடும் செருப்போடுமே ஏறிவிடும்.

“காடைக்கு நோயே வராது, தடுப்பூசிகூடத் தேவையில்லை” என்ற பேச்சு இங்கே வலுவாக ஊன்றியிருக்கிறது. கோழியைத் தாக்கும் சில நோய்களைக் காடை ஓரளவு தாங்குவது உண்மைதான். ஆனால் அதற்கென்றே ஒரு நோய் இருக்கிறது. குடலைப் புண்ணாக்கும் அந்தப் பாக்டீரியா நோயை அமெரிக்காவில் 1907-லேயே ‘காடை நோய்’ என்று பதிவு செய்தார்கள். நேற்று வரை கொழுகொழுவென்றிருந்த பறவை காலையில் செத்துக் கிடக்கும். சில பறவைகள் வெள்ளையாகத் தண்ணீர்போல் கழியும். எச்சத்தின் வழியாகப் பரவும் இந்தக் கிருமியின் வித்துகள் கூளத்தில் நெடுநாள் அழியாமல் கிடக்கும். கூண்டுக்குள் ஒரு முறை நுழைந்தால் அதைத் துரத்துவது பெரும்பாடு.

தாங்கும் பறவை என்பதாலேயே இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியே வாட்டம் காட்டாமல் உள்ளே கிருமியைச் சுமக்கக் காடையால் முடியும். ஹாங்காங்கில் 1997-ல் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தாக்கிய பிறகு உயிர்ப்பறவைச் சந்தைகளைத் துருவி ஆராய்ந்தவர்கள், வாத்திலிருந்து கோழிக்கு வைரஸ் தாவ நடுவே பாலமாக நிற்கும் பறவைகளில் காடையும் ஒன்று என்று கண்டார்கள். 2002-ல் அங்கே கோழிச் சந்தைகளில் உயிர்க்காடை விற்பது தடை செய்யப்பட்டது. காடை முட்டைக்குப் பேர்போன ஜப்பானின் டொயோஹாஷி நகரில் 2009-ல் காடைப் பண்ணைகளிலேயே பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டு, பறவைகளைப் பெருந்தொகையாக அழிக்க வேண்டி வந்தது. நான்கு காடை வாங்கி வரும் வீட்டுக்காரர் இதையெல்லாம் நினைத்து நடுங்க வேண்டியதில்லை. தனிக் கூண்டில் இரண்டு வாரம் வைத்தால் போதும். அந்த நாட்களில் எச்சம் இறுக்கமாக இருக்கிறதா, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறதா, இறகுக்கடியில் பேன், செள்ளு உண்டா என்று தினமும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பண்ணையில் தின்ற தீவனத்தையும் இந்த நாட்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நம் வீட்டுத் தீவனத்துக்கு மாற்றிவிடலாம்.

இனி சண்டைக்கு வருவோம்.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1921-ல் எழுதினார். சிறு வயதிலிருந்தே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறித்துவந்தவர் அவர். வரிசை உறுதியாகிவிட்டால் கொத்தல் குறையும், புதிதாக ஒன்று நுழைந்தால் வரிசை கலைந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். காடைக் கூண்டிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். ஆனால் கோழிக்குச் செல்லுபடியாகும் கிராமத்து உத்தி காடையிடம் செல்லாது. புதுக் கோழியை இரவில் பஞ்சாரத்துக்குள் நுழைத்துவிட்டால், விடியும்போது அருகருகே தூங்கி எழுந்தவை அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. காடை மேலே ஏறி அடைகிற பறவை இல்லை. இரவிலும் தரையில்தான் தங்கும், விடியலின் முதல் வெளிச்சத்திலேயே கூவித் துரத்தத் தொடங்கிவிடும். வளர்ப்பவர் எழுந்து வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால் காடையைப் பகலில், யாராவது கூடவே இருந்து பார்க்கக்கூடிய நேரத்தில் சேர்ப்பதே சரி.

காடை தனிமையை விரும்பும் பறவையா? இல்லவே இல்லை. பிரான்ஸில் நூசிலி என்ற ஊரில் உள்ள அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காடைக் குஞ்சுகளை ஓடும் பட்டையின் மேல் விட்டு, மறுபக்கம் நிற்கும் மற்றக் குஞ்சுகளிடம் போய்ச் சேர எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று அளந்தார்கள். அதிகம் ஓடியவற்றைத் தனியாகவும் குறைவாக ஓடியவற்றைத் தனியாகவும் பெருக்கியபோது, கூட்டம் தேடும் குணம் குஞ்சுகளுக்கு வழிவழியாக இறங்குவது தெரிந்தது. ஒரே கூண்டில் ஒரு காடை சட்டென்று ஒட்டிக்கொள்வதும் இன்னொன்று மாதக்கணக்கில் ஒதுங்கி நிற்பதும் வளர்ப்பவரின் கைராசியால் வருவதல்ல. பிறவிக் குணத்துக்கும் அதில் பங்கு உண்டு.

தொல்லையின் வேர் பெரும்பாலும் ஆண்தான். இதற்குக் கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஓஃபிர், பென்னட் கேலஃப் இருவரும் செய்து 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைவிட நல்ல சாட்சி இல்லை. இரண்டு ஆண் காடைகள் சண்டையிடுவதை ஒரு பெட்டை பார்க்கும்படி வைத்தார்கள். பிறகு அந்தப் பெட்டை எந்த ஆணின் பக்கம் போய் நிற்கிறது என்று கவனித்தார்கள். வென்றவனிடம் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெட்டைகள் தோற்றவனிடம் போயின. சண்டையில் மூர்க்கம் காட்டும் ஆண், இணைசேரும்போதும் பெட்டையின் தலையைக் கொத்தி, கழுத்து இறகைப் பற்றி இழுத்துக் காயப்படுத்துகிறது. பெட்டைகள் அதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. அடுத்து வந்த ஆய்வில், முன்பு ஆணோடு சேர்ந்தறியாத பெட்டைகள் வென்றவனையே நாடின. பட்ட பிறகுதான் விலகக் கற்றுக்கொள்கின்றன.

இந்த ஆய்வைப் படித்துவிட்டு ஒரு வீட்டுக் கூண்டைப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். ஆறு பெட்டைக்கு நான்கு ஆண் என்று வைத்திருக்கும் கூண்டில் பழைய பெட்டைகளே பின்னந்தலை இறகு இழந்து நிற்கும். அதற்குள் புதுப் பெட்டைகள் நுழைந்தால் ஆண்கள் அத்தனையும் அவற்றின் மேல்தான் பாயும். புது ஆண் நுழைந்தாலோ அதன் பாடு அன்றைக்கே முடியும். ஓர் ஆணுக்கு மூன்று பெட்டை என்பது நல்ல கணக்கு. முட்டை மட்டும் போதும், குஞ்சு வேண்டாம் என்பவர்களுக்கு ஆணே தேவையில்லை, பெட்டைகள் தாமாகவே இடும். மூன்று வாரம் தாண்டினால் மார்பைப் பார்த்தே பால் சொல்லிவிடலாம். ஆணுக்கு மார்பு செம்பழுப்பாகச் சீராக இருக்கும், பெட்டைக்கு வெளிர் மார்பில் கறுப்புப் புள்ளிகள். வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் கிடைக்காது. பருவம் வந்த ஆணின் வால் அடியில் உள்ள சுரப்பியை மெல்ல அழுத்தினால் வெண்ணுரை வரும், அதுதான் அடையாளம்.

சேர்க்கும் முறைக்கு வருவோம். தனிமைக் காலம் முடிந்த பிறகு இரண்டு கூண்டுகளையும் ஒட்டி வைக்கலாம், அல்லது ஒரே கூண்டின் நடுவே கம்பிவலை கட்டலாம். ஒரு வாரம் பார்த்துக்கொள்ளட்டும், குரல் கேட்கட்டும், வலையின் இருபுறமும் தீவனத்தட்டு இருந்தால் அருகருகே நின்று தின்னவும் பழகும். வலைக்குக் குறுக்கே ஓர் ஆண் ஓயாமல் மோதிக்கொண்டிருந்தால் அந்த ஆணைக் கலப்புக்கு முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

முட்டைக்காக மாலையில் பல்பு போட்டு 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கொடுக்கும் வீடுகள், இந்த நாட்களில் பல்பை நிறுத்துவது பெரும் உதவி. வெளிச்ச நேரம் குறைந்தால் காடையின் இனப்பெருக்க வேகம் தணியும், ஆணின் மூர்க்கமும் அதோடு தணியும். முட்டை கொஞ்ச நாள் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரியில் தமிழ்நாட்டுப் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமே என்பதால் சேர்ப்பதற்கு அது இயல்பாகவே நல்ல பருவம்.

கலக்கும் நாளில் புதியவற்றைப் பழையவற்றின் வீட்டுக்குள் விடக் கூடாது. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் எல்லோரும் அடித்துச் சொல்வது இது. இரு தரப்புக்கும் பழக்கமில்லாத மூன்றாவது கூண்டுக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது சிறந்தது. அதற்கு வசதியில்லையா? எல்லாப் பறவைகளையும் வெளியே எடுத்து, பழைய கூண்டைக் கழுவி, கூளம் மாற்றி, தட்டும் தொட்டியும் இருந்த இடத்தை மாற்றிவைத்தால் அதுவும் புதுவீடுதான். உள்ளே ஒளிய இடம் வேண்டும். சாய்த்து வைத்த தென்னங்கீற்று, வாய் உடைந்த மண்பானை, இரண்டு செங்கல், ஒரு தழைக்கொத்து எதுவும் ஆகும். துரத்தும் பறவைக்குத் துரத்தப்படும் பறவை ஒரு நிமிடம் கண்ணில் படாமல் போனால் பாதிச் சண்டை அங்கேயே அறும். மணல் நிரப்பிய அகலத்தட்டு ஒன்றையும் வைக்க வேண்டும். மண்குளியல் காடைக்கு உயிர், பகையை மறந்து ஒரே தட்டில் புரளும். தீவனமும் தண்ணீரும் எதிரெதிர் மூலைகளில் இரண்டிரண்டு இடத்தில் இருந்தால் ஒரு பறவையால் எல்லாவற்றையும் மறித்துக்கொள்ள முடியாது. விற்பனைப் பண்ணைகளில் ஒரு சதுர அடிக்கு ஐந்து காடை வரை விடுகிறார்கள். கலக்கும் நாட்களில் ஒரு காடைக்கே ஒரு சதுர அடி கொடுங்கள். மிரண்ட காடை நேர்மேலாக எகிறித் தலையை மோதிக்கொள்ளும் என்பதால், கூரையின் உட்புறத்தில் பழைய சாக்கோ கொசுவலையோ தளர்வாகக் கட்டுவது அவசியம்.

ஒற்றைப் பறவையைச் சேர்க்காதீர்கள். எல்லாக் கொத்தும் அந்த ஒரு தலையிலேயே விழும். மூன்று நான்காகச் சேர்த்தால் கொத்து பிரிந்துவிடும். பழையவற்றின் அளவுக்கு வளர்ந்த, ஆறு வாரத்துக்குக் குறையாத பறவைகளாக இருக்க வேண்டும். குஞ்சுகளைப் பெரிய காடைகளோடு விடுவது கொலைக்குச் சமம். அடைகாக்கும் குணத்தையே பண்ணை வாழ்க்கையில் பெரும்பாலும் இழந்துவிட்ட பறவை இது. அடைக்கோழியைப்போல் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளாது, கொத்தித் தள்ளும்.

முதல் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு கொத்து, ஒரு துரத்தல், ஆண் ஏறி இறங்குவது எல்லாம் வழக்கமானவை, அவற்றில் கை வைத்தால் வரிசை உருவாவது தள்ளிப்போகும். இரத்தம் தெரிந்தாலோ, ஒரே பறவையை இரண்டு மூன்று சேர்ந்து மூலையில் மடக்கினாலோ ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவையும் கொத்த வரும். காயம் பட்டதைத் தனியே எடுத்து, போவிடோன் அயோடின் தடவி, இறகு முளைக்கும் வரை வலைக்கு அப்பால் மற்றவற்றின் பார்வையிலேயே வைக்க வேண்டும். முற்றிலும் மறைத்து வைத்தால் திரும்பி வரும்போது அதுவும் அந்நியப் பறவைதான். கொத்திய பறவையை வெளியேற்றுவது பல நேரம் கொத்துப்பட்டதை வெளியேற்றுவதைவிடப் பலன் தரும். அந்த ஒன்று போன அன்றே கூண்டு அமைதியாகிவிடுவதைப் பார்க்கலாம். ஒரு வாரம் ஆகியும் சண்டை ஓயவில்லை என்றால் அந்தக் கூட்டம் சேராது. இரண்டு கூண்டாகவே வைத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

அடுத்த முறை புதுக் காடை வாங்கக் கிளம்பும் முன் உங்கள் கூண்டில் உள்ள ஆண்களை எண்ணிப் பாருங்கள். மூன்று பெட்டைக்கு ஒன்று என்ற கணக்கைத் தாண்டியிருந்தால் முதலில் அவற்றைக் குறையுங்கள், பிறகு போய் வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: கோடை வெயிலில் காடைக் கூண்டு)