வெளியூரில் ஓர் இரவுக்கு என்ன விலை? சிகிச்சைக்காக இந்தியா செல்வோருக்கு ஓர் அனுபவக் கணக்கு

கடந்த சில வருடங்களாக எங்கள் ஊரில் யாராவது சிகிச்சைக்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ புறப்பட்டால், போவதற்கு முன்னர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. "சேர், நீங்க உம்மாவக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாசம் நின்டீங்கதானே? எங்க நின்டீங்க? எவ்வளவு முடிஞ்சது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகின்றேன். நான் பயண முகவர் அல்ல. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியன். தவறான கணக்குப் போட்டு அதன் பிறகு திருத்திக் கொண்டவன் என்ற வகையில்தான் இதை எழுதுகின்றேன்.

2022 ஜூன் மாதத்தில் உம்மாவின் வலது கண்ணில் விழித்திரை விலகிவிட்டது என்று தெரியவந்தது. தாமதித்தால் பார்வை போய்விடும் என்றார்கள். எரிபொருள் வரிசைகளும் மூடிய பாடசாலைகளுமாக நாடு கிடந்த காலம் அது. இடர்கடன் எடுத்து, தங்கச்சியின் கைக்காப்பை அடகு வைத்து, உம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். ஏழு இரவுகள் தங்குவதாகத்தான் திட்டம். தங்கியது 34 இரவுகள்.

நாணயம் விழுந்தால் என்ன நடக்கின்றது?

2021இல் ஓர் இந்திய ரூபாவுக்கு நாங்கள் கொடுத்தது ஏறத்தாழ 2.70 இலங்கை ரூபா. நாங்கள் போன நேரத்தில் அது 4.60 அளவுக்கு ஏறியிருந்தது. சென்னையில் 1,500 இந்திய ரூபாவுக்குக் கிடைக்கும் சாதாரண அறையை எடுத்துக் கொள்ளுங்கள். முன்னர் அது எங்களுக்கு 4,050 ரூபா. இப்போது 6,900 ரூபா. பத்து இரவுக்கு 40,500ஆக இருந்தது 69,000 ஆகிவிடுகின்றது. அங்குள்ள விடுதிக்காரர் ஒரு சதமும் கூட்டவில்லை. எங்கள் சம்பளமும் அந்த அளவுக்குக் கூடவில்லை. இன்று அந்த உச்சத்திலிருந்து வீதம் இறங்கியிருந்தாலும் மூன்று ரூபாவுக்கு மேல்தான் நிற்கின்றது. பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

உம்ராவுக்குச் செல்வோருக்கும் இதே நிலைதான். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கின்றது. எனவே டொலருக்கு எதிராக எங்கள் ரூபா எவ்வளவு விழுகின்றதோ, ரியாலுக்கு எதிராகவும் அவ்வளவே விழும். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது ரியால் 53 ரூபா. டொலர் 360 ஆனபோது ரியால் 96 ரூபா. 'றியால் இறங்கட்டும், பிறகு போவோம்' என்று காத்திருப்பவர்கள் உண்மையில் பார்க்க வேண்டியது டொலரின் விலையைத்தான்.

வீதத்தை எங்களால் மாற்ற முடியாது. ஆனால் எத்தனை இரவு, எந்த இடத்தில், எத்தனை பேர், எந்த முறையில் பணம் செலுத்துவது என்பவை எங்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது தவறு: இரவுகளை எண்ணாமல் போனது

நான் அறை வாடகையைத் தேடினேனே தவிர, டொக்டரிடம் "எத்தனை நாள் நிற்க வேண்டி வரும்?" என்று முன்கூட்டியே கேட்கவில்லை. நாலாம் நாள்தான் சத்திர சிகிச்சை பற்றி டொக்டர் விரிவாக விளக்கினார். விழித்திரையை ஒட்ட வைப்பதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்புவார்கள். அது மெதுவாகத்தான் கரையும். அது கரையும் வரை விமானத்தில் ஏறக் கூடாது. மேலே போகும்போது விமானத்தினுள் காற்றழுத்தம் குறைவதால் கண்ணுக்குள் இருக்கும் வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் ஏறி, காப்பாற்றிய பார்வையே போய்விடலாம். உம்மாவுக்கு நான்கு வாரம் என்றார்கள். அப்போது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் பயணிகள் கப்பலும் ஓடவில்லை. நாகபட்டினம் - காங்கேசன்துறை சேவை 2023 ஒக்டோபரில்தான் ஆரம்பமானது. நல்லவேளை, மருத்துவ விசாவில் போயிருந்தோம்.

ஆகவே புறப்படுவதற்கு முன்னரே வைத்தியசாலைக்கு மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ கேளுங்கள். பரிசோதனைக்கு எத்தனை நாள்? சிகிச்சைக்குப் பின் எத்தனை நாள்? எப்போது விமானத்தில் ஏறலாம்? அந்தப் பதிலை வைத்துத்தான் விடுதி தேட வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் திகதி மாற்றக் கூடியதாக எடுங்கள்.

இரண்டாவது தவறு: மலிவான அறை

மலிவு என்பதற்காக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் இணையத்தில் ஓர் அறையைப் பதிந்திருந்தேன். இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்த பொறுப்பாளர், "வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் தர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். கண்ணைக் கட்டிய உம்மாவுடன் வீதியில் நின்றோம். காரணம் பிறகுதான் விளங்கியது. இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் அந்த விடுதி 24 மணித்தியாலத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையம் மூலம் அறிவிக்க வேண்டும். வழக்கில் இதை 'சி ஃபோர்ம்' என்பார்கள். அந்தப் பதிவு இல்லாத சிறிய லொட்ஜுகள் எங்களை ஏற்பதில்லை. திருவல்லிக்கேணியில் பெயர்பெற்ற 'மேன்ஷன்'களும் பெரும்பாலும் தனி ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் இடங்கள்தான், குடும்பத்துடன் போவோருக்குப் பொருந்தாது. எனவே பதிவதற்கு முன்னர் தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள்: "நாங்கள் இலங்கை பாஸ்போர்ட். சி ஃபோர்ம் போடுவீர்களா?" ஆம் என்ற பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

அன்றிரவு பக்கத்துக் கட்டடத்தில் 900 ரூபாவுக்கு ஓர் அறை கிடைத்தது. மலிவுதான். ஆனால் வைத்தியசாலையோ நுங்கம்பாக்கத்தில். பல்லாவரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு மின்சார ரயில் உண்டு. ஆயினும் கண் நோயாளியான வயதான ஒருவரை அந்தக் கூட்டத்தில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. நாலாம் நாள் இரவு உட்கார்ந்து, வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கூட்டினேன் (எல்லாம் இந்திய ரூபாவில்):

பல்லாவரம்: அறை 900, மூன்றாவது ஆளுக்கு மெத்தை 200, டாக்ஸி போக வர 900, கடைச் சாப்பாடு 700. ஒரு நாளைக்கு 2,700.

பிறகு விசாரித்துப் போய்ச் சேர்ந்தது ஆயிரம்விளக்கு, கிரீம்ஸ் வீதிப் பக்கம். அங்கே பெரிய வைத்தியசாலை ஒன்று இருப்பதால், பங்களாதேஷிலிருந்தும் வடகிழக்கு இந்தியாவிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகவே சமையலறையுடன் கூடிய சிறிய விருந்தினர் இல்லங்கள் நிறைய உண்டு. வெளிநாட்டவரை ஏற்பது அவர்களுக்குப் பழகிய வேலை. அங்கே சொன்ன வாடகை 1,400. "30 இரவு நிற்போம், வாரா வாரம் முற்பணம் தருவோம்" என்றதும் மூன்று பேருக்கும் சேர்த்து 1,150க்கு இறங்கி வந்தார்கள். ஓட்டோ போக வர 200. சமைத்த சாப்பாடு 300. ஒரு நாளைக்கு 1,650.

வாடகை கூடிய அறையில் ஒரு நாளைக்கு 1,050 இந்திய ரூபா மிச்சம். அன்றைய வீதப்படி எங்கள் காசில் 4,830 ரூபா. பல்லாவரத்தில் கழித்த நான்கு நாட்களில் மட்டும் 19,320 ரூபாவை வீணாக்கியிருந்தேன். பேரம் பேசியதால் வாடகையில் குறைந்த 250 ரூபாவை 30 இரவால் பெருக்கினால் 7,500 இந்திய ரூபா. அதாவது 34,500 இலங்கை ரூபா. அடகு வைத்த காப்பில் பெரும் பகுதி அதில் அடங்கும்.

பதியும்போது கவனிக்க வேண்டியவை

1. இணையத்தில் முதல் இரண்டு இரவுகளை மட்டும் பதியுங்கள். கட்டணமின்றி இரத்துச் செய்யக் கூடியதாக, அங்கே போய்ப் பணம் கட்டக் கூடியதாகப் பாருங்கள். நீண்ட நாள் தங்குவதற்கான விலையை நேரில் போய், அறையையும் குளியலறையையும் பார்த்த பின்னர் பேசுங்கள். லிஃப்ட் இருக்கின்றதா, மேலைத்தேயக் கழிப்பறை உண்டா என்பது நோயாளிக்கு முக்கியம். சிகிச்சைக்குப் பின் உம்மா குப்புறப் படுத்தே இருக்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற கட்டிலும் தேவைப்பட்டது.

2. காட்டப்படும் விலையில் வரி சேர்ந்திருக்கின்றதா என்று கேளுங்கள். இந்தியாவில் 2025 செப்டெம்பர் முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரையான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு மேற்பட்டால் 18 சதவீதம். மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறையொன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது ஆளுக்கல்ல, அறைக்கு. இரண்டு சிறிய அறைகளை விட ஒரு குடும்ப அறை எடுப்பது அங்கே இன்னும் இலாபம்.

3. வங்கி அட்டையால் செலுத்தும்போது இயந்திரம், "இலங்கை ரூபாவிலா, இந்திய ரூபாவிலா?" என்று கேட்கலாம். எங்கள் ரூபாவில் தொகையைப் பார்த்தால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். அதனால் பலர் அதைத் தெரிவு செய்கின்றார்கள். அது இழப்பு. அப்படிச் செய்தால் தங்களது இலாபத்தையும் சேர்த்த ஒரு வீதத்தில்தான் மாற்றுவார்கள். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். அதற்கும் உங்கள் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும். எவ்வளவு என்று போவதற்கு முன்னரே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

4. ரூபாவை டொலராக்கி, டொலரை இந்திய ரூபாவாக்கும்போது இரண்டு இடத்தில் கழிவு போகும். விமான நிலையத்தில் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் தேவையானதை மட்டும் மாற்றுங்கள். மிகுதியை நகரத்தில் அனுமதி பெற்ற இரண்டு மூன்று நாணயமாற்றுக் கடைகளில் விசாரித்து மாற்றுங்கள். கிழிந்த, மை பட்ட டொலர் நோட்டுகளை அங்கே வாங்கத் தயங்குவார்கள்.

5. சென்னை விமான நிலையத்திலிருந்து நகருக்குள் மெட்ரோ ரயில் ஓடுகின்றது. ஆயிரம்விளக்கிலேயே நிலையம் உண்டு. ஒருவருக்கு 50 ரூபாவுக்குள் முடியும்.

உம்ராவுக்கும் இதே கணக்குத்தான். மக்காவில் அஸீஸிய்யாப் பக்கம் அறை மலிவு. ஆனால் ஹரமுக்கு பஸ் ஏற்பாடு உண்டா, எந்நேரமும் ஓடுமா, இல்லாவிட்டால் டாக்ஸிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வயதானவர்கள் கூட வந்தால், தூரத்து அறையில் மிச்சம் பிடித்த ரியால் வாகனத்தில் போய்விடும்.

சமையலறையின் பெறுமதி

சமையலறை உள்ள அறை எங்களுக்குச் செலவைக் குறைத்தது மட்டுமல்ல. ஹலால் கடை எங்கே என்று ஒவ்வொரு வேளையும் தேடும் அலைச்சலும் இல்லாமல் போனது. ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த் தூளும் கருவாடும் இரண்டு வாரத்துக்கு வந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் அங்கேதான் வந்தது. தங்கச்சி பக்கத்து அறையில் இருந்த வங்காளக் குடும்பத்துக்கும் சேர்த்துச் சோறாக்கினாள். பாஷை விளங்காவிட்டாலும் இரண்டு வீட்டுப் பெண்களும் அன்று முழுக்கக் கதைத்துக் கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், குப்புறப் படுத்தபடியே உம்மா கேட்டார்: "மகன், காசு முடிஞ்சிரும் போல. ஊருக்குப் போயிருவமா? மிச்சத்த அங்க பாத்துக்குவம்." டாக்ஸியிலும் கடைச் சாப்பாட்டிலும் நாளொன்றுக்கு 2,700 போய்க்கொண்டிருந்தால் எங்களிடம் அன்று மிஞ்சியிருக்கக் கூடிய தொகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அப்படியான நிலையில் 'ஒன்றும் ஆகாது' என்று விமானம் ஏறியிருப்போம் என்றும் தெரியும். கணக்கு எழுதிய கொப்பியை எடுத்து மிகுதித் தொகையை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இன்று அந்தக் கண்ணால் குர்ஆனின் பெரிய எழுத்துப் பிரதியைப் பார்த்து ஓதுகின்றார்.

சிகிச்சைச் செலவுக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களுக்கு எங்கள் பள்ளிவாசல்களும் நலன்புரிச் சங்கங்களும் தாராளமாக உதவுகின்றன. அந்த மனுக்களில் சத்திர சிகிச்சைக்கான தொகை இருக்கும். தங்கும் இரவுகளுக்கான தொகை பெரும்பாலும் இருப்பதில்லை. அதையும் எழுதச் சொல்லுங்கள். போய் வந்தவர்கள் தாங்கள் தங்கிய இடம், வாடகை, சி ஃபோர்ம் போட்டார்களா, சமையலறை இருந்ததா என்ற நான்கு விபரங்களைப் பள்ளிவாசலில் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்துப் போகும் குடும்பம் இரவு பதினொரு மணிக்கு வீதியில் நிற்காது. எங்கள் ஊரில் அப்படியொரு கொப்பியை ஆரம்பித்திருக்கின்றோம். முதலாவது பக்கத்தில் பல்லாவரத்துக் கணக்கையும் நான் மறைக்காமல் எழுதியிருக்கின்றேன்.