பில் கவுண்டரில் தனியே நிற்கும் குடும்பம்

ஞாயிறு திருப்பலியின் முடிவில் நாம் அடிக்கடி கேட்கும் அறிவிப்பு ஒன்று உண்டு. நம் பங்கைச் சேர்ந்த ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை; பெரும் தொகை தேவைப்படுகிறது; இயன்றதைக் கொடுத்து உதவுங்கள். ஆலய வாசலில் ஒரு துண்டு விரிக்கப்படுகிறது. பத்து ரூபாயும் நூறு ரூபாயும் அதில் விழுகின்றன. நாமும் நம் பங்குக்குக் கொடுத்துவிட்டு, அந்த நோயாளிக்காகச் செபித்துக்கொண்டே வீடு திரும்புகிறோம். அந்தக் குடும்பமோ துண்டில் சேர்ந்த பணத்தையும் அடகு வைத்த நகைக்குக் கிடைத்த பணத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் பில் கவுண்டருக்குப் போகிறது. அங்கே அவர்களோடு நிற்க யாரும் இல்லை.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் வரும், இரத்தப்போக்கினால் பன்னிரண்டு ஆண்டுகள் துன்புற்ற பெண்ணை நாம் அறிவோம். அவரது விசுவாசத்தைப் பற்றிப் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் நற்செய்தியாளர் போகிற போக்கில் சொல்லும் ஒரு செய்தியை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அப்பெண் பல மருத்துவர்களிடம் சென்று, தம்மிடமிருந்த எல்லாவற்றையும் செலவழித்திருந்தார். நோய் குறையவில்லை, கூடியது. நோயும் வறுமையும் ஒரே வீட்டுக்குள் ஒன்றாக நுழையும் கதை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்கிறது.

ஏன் இவ்வளவு செலவு?

முதலில் நியாயமாகப் பேசுவோம். அறுவை சிகிச்சை மலிவாக நடக்கக்கூடிய ஒன்றல்ல. அறுவை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், இரவு பகலாகப் பணிபுரியும் செவிலியர், தடையில்லா மின்சாரம், கிருமி நீக்கிய அரங்கு, விலையுயர்ந்த கருவிகள் என எல்லாவற்றுக்கும் பணம் தேவை. நேர்மையாக நடத்தப்படும் மருத்துவமனைக்கும் இந்தச் செலவுகள் உண்டு.

ஆனால் சிகிச்சை வாங்குவது அரிசி வாங்குவதைப் போன்றதன்று. அரிசிக்கு நாம் நாலு கடையில் விலை கேட்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். நெஞ்சுவலியோடு ஸ்ட்ரெச்சரில் கிடப்பவரை வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவார்? மேலும், நமக்கு என்ன தேவை என்று முடிவு செய்பவரும் அதை நமக்கு விற்பவரும் இங்கே பெரும்பாலும் ஒரே நிறுவனத்தில் இருக்கிறார்கள். அவசரம், அறியாமை, அச்சம் என்னும் மூன்றும் சேர்ந்து நம் வாயை அடைத்துவிடுகின்றன.

தேசிய மாதிரி ஆய்வு அலுவலகம் 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடத்திய 75ஆம் சுற்று ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. இந்தியாவில் மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற அரசு மருத்துவமனையில் சராசரியாக ரூ. 4,452 செலவாயிற்று, தனியார் மருத்துவமனையில் ரூ. 31,845. காய்ச்சல் முதல் எல்லா நோய்களுக்கும் சேர்த்த சராசரி இது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் தொகை லட்சங்களைத் தொடும்.

ஸ்டென்ட் சொல்லும் பாடம்

இதயத்தின் இரத்தக் குழாய் அடைப்பை நீக்கி, அது மறுபடி மூடிவிடாதபடி உள்ளே வைக்கப்படும் சிறு வலைக்குழாய்தான் ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்துவந்தார்கள். அது தயாரிப்பாளரிடமிருந்து புறப்பட்ட விலைக்கும் நோயாளியின் பில்லில் ஏறிய விலைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது. விநியோகிப்பவர், மருத்துவமனை என ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது.

தில்லியைச் சேர்ந்த ஒரு வழக்குரைஞர் இது குறித்து உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 2016இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டின் விலை வரி நீங்கலாக ரூ. 29,600 ஆகவும், சாதாரண உலோக ஸ்டென்டின் விலை ரூ. 7,260 ஆகவும் இறங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளின் விலைக்கும் வரம்பு வந்தது. அதிகமாகப் பயன்படுத்தப்படும் வகையின் விலை, ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தது, ரூ. 54,720 ஆகக் குறைந்தது.

பொருள் அதேதான், மருத்துவரும் அவரேதான். விலையின் நியாயத்தை யாரோ ஒருவர் கேட்டார். அதனால் இலட்சக்கணக்கான குடும்பங்களின் சுமை குறைந்தது. கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று எண்ணி வாய்மூடிக் கிடக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

ஆனால் ஒரு பொருளின் விலையைக் கட்டுப்படுத்தினால் மட்டும் முழுப் பில்லும் குறைந்துவிடாது. அதே ஆணையம் தில்லிப் பகுதியின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து 2018 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊசிக்குழல் போன்ற சிறு பொருட்களிலும் விலைக் கட்டுப்பாடு இல்லாத மருந்துகளிலும் சில இனங்களில் 1,700 சதவீதத்துக்கும் மேலான லாபம் வைக்கப்பட்டிருந்ததை அது எடுத்துக்காட்டியது. பெரிய தொகையை நாம் உற்றுப் பார்க்கிறோம். சில்லறை இனங்கள் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

நாம் கேட்க வேண்டியவை

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதைப் பின்பற்றும்படி நடுவண் சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. சாசனம் தன்னளவில் ஒரு சட்டமன்று. எனினும் அதிலுள்ள பல உரிமைகள் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் நடப்பிலுள்ள சட்டங்களிலும் வேரூன்றியவை. அவற்றின் துணையோடு நாம் மரியாதையாகக் கேட்கக்கூடியவை சில உண்டு.

சேர்க்கும்போதே உத்தேசச் செலவை எழுத்தில் கேட்போம். 'பேக்கேஜ்' என்றால் அதில் எவையெல்லாம் அடங்கும், எவை அடங்கா என்று கேட்போம். எத்தனை நாள் தங்குவதற்கு அந்தத் தொகை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாள் இருக்க நேர்ந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதையும் கேட்போம்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாயிருப்போம். பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர்ந்தால் வாடகையோடு மருத்துவர் கட்டணமும் அரங்கக் கட்டணமும் உயரும். காப்பீடு வைத்திருப்போர் இதில் பெரிதும் ஏமாந்துபோகிறார்கள். எடுத்துக்காட்டாக, பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளொன்றுக்கு ரூ. 3,000 என்றிருக்க, நாம் ரூ. 6,000 அறையில் தங்கினால், வாடகையில் பாதி மட்டும் நம் தலையில் விழும் என்று நினைக்கிறோம். பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம், அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியை நாமே கட்ட நேரிடும்.

இனவாரியான பில்லைக் கேட்போம். நாள், மருந்து, எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவை வைக்கப்பட்டால் அவற்றின் பெயரும் விலையும் தனியே குறிக்கப்பட வேண்டும். அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும், அதற்காகப் பரிசோதனை அறிக்கைகளின் நகலைப் பெறவும் நமக்கு உரிமை உண்டு.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலுதவிச் சிகிச்சை அளிப்பது எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்தது. பில் தகராறைக் காட்டி நோயாளியையோ இறந்தவரின் உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்று உரிமைச் சாசனம் கூறுகிறது. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே அநீதி நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது

தமிழகத்தில் 2009இல் உயிர்காக்கும் சிகிச்சைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவந்திருக்கிறது. 2018இல் நடுவண் அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டபின், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை பாதுகாப்பு என்றாயிற்று. ஆண்டு வருமான வரம்பு ரூ. 72,000 ஆக இருந்தது, பின்னர் ரூ. 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. குடும்ப அட்டையோடும் வருமானச் சான்றோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்குப் பதிவு செய்யலாம்.

தகுதியிருந்தும் பதிவு செய்யாத குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவதைவிட, நலமாயிருக்கும்போதே பதிவு செய்வது எளிது. அரசு மருத்துவமனை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். கடினமான பல அறுவை சிகிச்சைகள் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நாள்தோறும் நடக்கின்றன.

நம்மையே கேட்டுக்கொள்வோம்

இவ்வளவும் சொன்னபின் நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவ மருத்துவமனைகள் பல, ஏழைகளுக்காக ஓர் அறையிலும் ஒரு சில கட்டில்களிலும் தொடங்கியவை. இன்று அவற்றின் வரவேற்பறையில் கட்டணப் பட்டியல் எல்லாரும் படிக்கும்படி தொங்குகிறதா? பில்லைப் புரியவைக்க ஓர் ஆள் இருக்கிறாரா? பிறரிடம் நாம் கேட்கும் நேர்மையை முதலில் நம் நிறுவனங்களிடம் கேட்பதே முறை.

ஒவ்வோர் அன்பியத்திலும் விவரமறிந்த இருவர் இந்தப் பணிக்கென்று முன்வரலாம். ஓய்வுபெற்ற செவிலியர், வங்கி ஊழியர், ஆசிரியர் என யாராகவும் இருக்கலாம். காப்பீட்டுப் பதிவுக்கு உதவுவதும், நோயாளியின் வீட்டாரோடு மருத்துவமனைக்குச் சென்று உத்தேசச் செலவைக் கேட்டு எழுதிக்கொள்வதும், பில்லைச் சேர்ந்து வாசிப்பதும் அவர்கள் பணி. வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு தேடிச் சென்று உதவுவதை நாம் அறிவோம். அதே வழக்கத்தை மருத்துவமனை வாசல்வரை நீட்டினால் போதும்.

நல்ல சமாரியர் உவமையில் காயங்களைக் கட்டியதோடு கதை முடிவதில்லை. அவர் சாவடியில் இரவு தங்குகிறார். மறுநாள் இரண்டு தெனாரியத்தை முன்பணமாகக் கொடுக்கிறார். கூடுதலாகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக உறுதி சொல்கிறார். அடிபட்டுக் கிடந்தவர் சாவடிக்காரரோடு கணக்குப் பேச வேண்டிய நிலை வரவே இல்லை. அந்தப் பொறுப்பையும் சமாரியர் தம் தோளில் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் துண்டு விரிக்கப்படும்போது நாம் காசு போடுவோம். போட்டபின் அந்தக் குடும்பத்தாரிடம் ஒரு கேள்வி கேட்போம்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்களோடு யார் வர்றாங்க?"