கைக்கு அடக்கமாகும் அம்பாசிடர்

புது தில்லி: சாலையில் ஓடிய அம்பாசிடர் காரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் கிடைப்பது 18 சென்டிமீட்டர். இந்த எளிய கணக்கில் தொடங்கி, பல மாத உழைப்பில் முடியும் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. பழைய கார்களை விகிதம் பிசகாமல் சிறிதாக்கி, ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி மேசைமீது நிறுத்தும் "ஸ்கேல் மாடல்" கலைதான் அது. தலைநகரில் இதில் ஈடுபடுவோருக்கு இப்போது நேரத்துடனும் ஒரு போட்டி ஏற்பட்டிருக்கிறது.

மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் இது ஓரளவு எளிய வேலை. டமியா, ரெவெல், ஏர்ஃபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் பாகங்களை பிளாஸ்டிக்கில் வார்த்து, செய்முறைப் படத்துடன் பெட்டியில் அடைத்து விற்கின்றன. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலையோ, மினி கூப்பரையோ செய்ய விரும்புபவருக்குப் பசையும் வண்ணமும் பொறுமையும் போதும். ஆனால், இந்தியச் சாலைகளை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட அம்பாசிடருக்கு இந்த மூன்றில் எதுவும் பெட்டி வெளியிட்டதில்லை. அதன் மூலமான பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் அதே கதிதான்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும் சிறிது அதிர்ஷ்டம். அதன் பிரிட்டிஷ் உருவமான டிரையம்ப் ஹெரால்டை ஏர்ஃபிக்ஸ் 1:32 விகிதத்தில் வெளியிட்டது. ஆனால் அது இரண்டு கதவு வண்டி. பின்னாளில் இந்தியாவுக்கென்றே உருவான நான்கு கதவு ஹெரால்டு வேண்டுமென்றால், அந்த பிளாஸ்டிக் உடலை அறுத்து ஒட்டத்தான் வேண்டும்.

விகிதங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1:24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம். 1:43 என்ற விசித்திரமான எண், ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற பொம்மை ரயில் கணக்கிலிருந்து வந்தது. பிரிட்டனின் "டிங்கி" உலோகக் கார்கள் ரயில் பொம்மைகளுக்குத் துணையாகப் பிறந்தவை. அவற்றின் பழைய அச்சுகள் 1960-களின் பிற்பகுதியில் கொல்கத்தாவுக்கு வந்து, "நிக்கி" என்ற பெயரில் கார்களை வார்த்தன. ஹூக்ளி கரையில் உத்தரபாராவில் அம்பாசிடர் உருவாகிக் கொண்டிருந்த அதே காலத்தில், பக்கத்து நகரில் சிறுவர்களுக்காக ஜாகுவார் பொம்மைகள் உருவாகிக் கொண்டிருந்தன!

பின்னர் தில்லியைச் சேர்ந்த செண்டி டாய்ஸ், பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசிடரைக் கடைகளுக்குக் கொண்டு வந்தது. அந்தப் பொம்மையைப் பிரித்து, வார்ப்புக் கோடுகளைத் தேய்த்து, புதிதாக வண்ணம் பூசிப் பழகுவது இத்துறையில் நல்ல தொடக்கம். கை தேர்ந்தவர்கள் அத்துடன் நிற்பதில்லை. அவர்கள் அளவு நாடாவுடன் அசல் வண்டியைத் தேடிப் போகிறார்கள்.

அளவெடுக்கும் அவசரம்: 1:24 விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்பது அசல் வண்டியில் 24 மில்லிமீட்டர். முகப்பு விளக்கு அந்த அளவுக்கு இறங்கினாலே வண்டியின் முகம் மாறிவிடும். அம்பாசிடர் மார்க்-2, 3, 4, நோவா என்று பெயர் மாறி வந்தபோது முன்பக்கக் கிரில்லும் விளக்குகளும் மாறின. ஒன்றின் உடலில் மற்றொன்றின் கிரில்லைப் பொருத்தினால், பழைய டாக்சி ஓட்டுநர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து விடுவார். புகைப்படம் இங்கு முழுமையாக உதவாது. பானட்டின் மேட்டையும் மட்கார்டின் வளைவையும் கேமரா லென்ஸ் சற்றே திரித்துக் காட்டும். அட்டையை வெட்டி வெட்டி வண்டியின்மீது பொருத்திப் பார்த்து வளைவைப் பிடிப்பதே நம்பகமான வழி.

அதற்கு வண்டி இருக்க வேண்டுமே! உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 1980-களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24 ஆயிரம் என்றிருந்த விற்பனை, 2013-14-இல் ஏறத்தாழ 2,200 ஆகச் சுருங்கியிருந்தது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயர் பிரான்ஸின் பியூஜோ நிறுவனத்துக்கு ரூ. 80 கோடிக்கு விற்கப்பட்டது.

தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் இத்தகைய வண்டிகளின் உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆனால் டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மட்டும் என்று குறுக்கப்பட்டது. பழைய அம்பாசிடர்களுக்கு அதில் இடமில்லை.

மறுபுறம், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டுகள் நிறைந்து மூல வடிவம் மாறாத வண்டிக்கே "விண்டேஜ்" பதிவு கிடைக்கும். அதாவது, பெட்ரோல் அம்பாசிடருக்கு 15 வயதில் ஓய்வு. 50 வயதில் கௌரவம். இடையிலுள்ள 35 ஆண்டுகளை அது வெளி மாநிலத்தில் கழிக்க வேண்டும், அல்லது மாயாபுரி போன்ற பழைய இரும்புச் சந்தைகளில் உடைபட வேண்டும். மும்பையில் கருப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சிகளின் கதை முன்னதாகவே முடிந்துவிட்டது. கடைசி வண்டி 2003 அக்டோபரில் பதிவானது. 20 ஆண்டு வரம்பு நிறைந்ததும் 2023 அக்டோபரில் அதுவும் ஓய்வு பெற்றது.

தூசியும் ஈரமும்: அளவு கிடைத்தபின் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி, மேலே பட்டி பூசித் தேய்த்து மூல உருவம் செய்யப்படுகிறது. அதிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து ரெசினை ஊற்றினால் பல உடல்களை வார்க்கலாம். முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்போர் கணினியிலேயே வரைந்து விடுகிறார்கள். தேவையான பொருள்களுக்கு தில்லியின் பழைய சந்தைகளே துணை. காஷ்மீரி கேட்டில் காருக்கான பட்டியும் பிரைமரும், பகீரத் பேலஸில் கண்ணுக்கே தெரியாத விளக்குகளும், பல் மருத்துவர்களின் சுரண்டு கருவிகளும் கிடைக்கும்.

வெளிநாட்டுப் பெட்டிகளுக்கு விலைதான் தடை. சுங்கப் பட்டியலில் குழந்தைகளின் பொம்மைகளும் பெரியவர்கள் ஒட்டும் ஸ்கேல் மாடல்களும் ஒரே தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்புக்கான அடிப்படை வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டு பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. எனினும், உள்நாட்டில் எவரும் தயாரிக்காத பொருளையும் அது சேர்த்து அடித்துவிட்டது.

உண்மையான சோதனை வண்ணம் பூசுவதில்தான். அசல் காரின் வண்ணப் பூச்சு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன். அதே தடிமனை மாடலில் ஏற்றினால், கணக்குப்படி இரண்டரை மில்லிமீட்டர் சுவர் எழுப்பியது போலாகும்; கதவு இடுக்குகள் மூடிப்போகும். எனவே தின்னரில் நன்கு இளக்கிய வண்ணத்தை ஏர்பிரஷ் மூலம் பனிபோலப் பலமுறை தூவ வேண்டும். தில்லிக்கு உரிய வெள்ளை அம்பாசிடரோ இதில் மிகக் கடினம். வெள்ளை எளிதில் அடித்தளத்தை மறைக்காது. ஒரு தூசி விழுந்தாலும் காட்டிக் கொடுக்கும்.

தலைநகரின் பருவநிலையும் ஒத்துழைப்பதில்லை. மே மாதப் புழுதிக் காற்றில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரம் லேக்கர் பூச்சின்மீது படிந்து வெண்புகை போலப் படலம் கட்டும். டிசம்பர் குளிரில் எனாமல் நாள் கணக்கில் காயாது. பிப்ரவரி, மார்ச்சும் அக்டோபரும்தான் நல்ல காலம். தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, பூசிய வண்டியை உடனே பெட்டியால் மூடுவது இங்குள்ள வழக்கம். காய்ந்தபின் நுண்ணிய வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகுப் பசையால் பளபளப்பேற்ற வேண்டும். பம்பரின் குரோமுக்குச் சமையலறை அலுமினியத் தாளே போதும். மெல்லிய பசை தடவி, பஞ்சால் அழுத்தினால் அச்சாகப் படிந்துவிடும்.

பிறகு உள் அலங்காரம். தில்லி அதிகாரிகளின் கார் என்றால் பின் ஜன்னலில் திரையும், இருக்கை முதுகில் வெள்ளைத் துண்டும் கட்டாயம். நீர்த்த பசையில் நனைத்த டிஷ்யூ தாள் காயும்போது துண்டின் மடிப்பு தானே விழும். கூரைமேல் சிவப்புச் சுழல் விளக்கு வேண்டுமா என்பது எந்த ஆண்டின் காரைச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2017 மே 1-இல் அமைச்சர்கள், அதிகாரிகளின் கார்களிலிருந்து அது நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய காருக்கு ஒரு சிவப்புப் பாசிமணி போதும்.

டாக்சி செய்வோருக்கு வேறு கவலை. மஞ்சள் கூரையை முதலில் பூசி, நன்கு காய்ந்தபின் மாஸ்கிங் டேப்பால் மூடி, பிறகே கருப்பைத் தூவ வேண்டும். வரிசையை மாற்றினால் மஞ்சளுக்குக் கீழே கருப்பு எட்டிப் பார்க்கும். மொத்தத்தையும் தேய்த்தெடுத்துவிட்டு மீண்டும் பிரைமரிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.