மருந்தல்ல, நஞ்சு!

திருவானைக்காவல் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெண்ணாவல் மரத்தடி இலிங்கத்துக்கு யானை ஒன்று தும்பிக்கையில் நீர் மொண்டு வந்து ஊற்றியதாம். சிலந்தி ஒன்று மேலே வலை பின்னிப் பந்தல் போட்டதாம். வலையை யானை கலைத்தது. சினங்கொண்ட சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடித்தது. வேதனை பொறாத யானை தும்பிக்கையை நிலத்தில் ஓங்கி அறைந்தது. யானையும் மாண்டது, சிலந்தியும் மாண்டது!

நம்புவோர் நம்பட்டும், நகைப்போர் நகைக்கட்டும். அந்த வழக்கை நான் இன்று எடுக்கவில்லை. கதையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மலை போன்ற உடலைச் சாய்க்க, மூச்சு போகும் வழியில் புகுந்த சிறு நஞ்சு போதும்!

இன்று அந்த யானை யார்? காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, வாழைத் தோப்பிலும் நெல் வயலிலும், முதுகிலே தெளிப்பானைச் சுமந்து, மூக்கிலே ஒரு துண்டைக் கட்டி, வெறுங்காலோடு நடக்கிறானே, அந்தக் கூலி உழைப்பாளிதான்! பூச்சியைக் கொல்லப் போகிறான். பூச்சிக்கு வைத்த நஞ்சு அவனையும் தீண்டுகிறது.

கோளாறு நம் சொல்லிலேயே தொடங்குகிறது. "மருந்தடிக்கப் போறேன்" என்கிறான் கணவன். "மருந்து வாங்கியாச்சா?" என்று கேட்கிறார் நிலத்துக்காரர். "மருந்தைக் குடிச்சிட்டாளே!" என்று அலறுகிறது தெரு. நோயைத் தீர்ப்பதும் மருந்து, உயிரைத் தீர்ப்பதும் மருந்தா? நஞ்சை நஞ்சென்று சொல்லக் கூசிய நாக்கு, நஞ்சு வேலை செய்யும்போதும் அதன் பெயரைச் சொல்வதில்லை. அங்கேதான் சாவு நுழைகிறது.

எண்ணிப் பாருங்கள். உச்சி வெயில். வாழைத் தோப்பிலிருந்து ஒருவன் தள்ளாடி வருகிறான். வரப்பில் உட்காருகிறான். வாந்தி எடுக்கிறான். வாயிலே எச்சில் வழிகிறது, பேச்சுக் குழறுகிறது.

"வெயில் அடிச்சிருச்சு, மோர் கொடுங்க" என்கிறார் ஒருவர்.

"காலையிலேயே ஊத்திக்கிட்டான் போல" என்று முகம் சுளிக்கிறார் இன்னொருவர்.

"காத்துக் கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சா சரியாப்போகும்" என்கிறார் மூன்றாமவர்.

மூன்று பெயர் வைத்தார்கள், மூன்றும் பொய்ப் பெயர். மெய்ப் பெயரைச் சொல்ல ஆளில்லை. அரைமணி போகிறது, ஒரு மணி போகிறது, உயிரும் போகிறது!

இது வெறும் கற்பனை என்று ஒதுக்காதீர்கள். 1995 வரை நம் திருச்சி மாவட்டத்தின் உறுப்பாக இருந்ததே பெரம்பலூர், அங்கே 2017ஆம் ஆண்டு பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்த உழவர்கள் சிலர் மாண்டார்கள். அதே ஆண்டு மராட்டியத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக் காட்டில் தெளித்தவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்கு வந்தார்கள். ஏறத்தாழ இருபது பேர் வீடு திரும்பவில்லை. அவர்கள் நஞ்சைக் குடித்தவர்கள் அல்லர். மூச்சிலும் தோலிலும் ஏற்றுக்கொண்டவர்கள், நமக்குத் துணி தர வெயிலில் நின்றவர்கள்!

நஞ்சு உடலுக்குள் செய்வதென்ன? பொன்மலைத் தோழனுக்கு எளிதில் விளங்கும்படி சொல்கிறேன். பணிமனையில் சங்கு ஊதுகிறது. தொழிலாளர் வேலையைத் தொடங்குகிறார்கள், சங்கு நிற்கிறது. ஊதவும் ஒரு கை வேண்டும், நிறுத்தவும் ஒரு கை வேண்டும். நம் நரம்பும் இப்படித்தான். தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளையிட அசிட்டைல்கொலின் என்ற பொருளை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் இனத்துப் பூச்சிக்கொல்லிகள் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. சங்கு நிற்காமல் ஊதுகிறது! சுரக்க வேண்டாத இடமெல்லாம் சுரக்கிறது, துடிக்க வேண்டாத தசையெல்லாம் துடிக்கிறது. கடைசியில் தசை ஓய்கிறது, மூச்சும் ஓய்கிறது.

ஆகவேதான் அடையாளங்கள் வெளியே தெரிகின்றன. பட்டம் பெற்றவர்தான் காணவேண்டும் என்பதில்லை. கண்ணுள்ளவர் காணலாம்.

கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கும். பக்கத்தில் நிற்பவர் கண்ணோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். கண்ணீரும் மூக்குநீரும் எச்சிலும் வழியும். உடல் வியர்வையில் நனையும். வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, பேதி உண்டாகும். தன்னை அறியாமல் சிறுநீர் பிரியும். நெஞ்சு இறுகும், மூச்சிலே சளி கறகறக்கும். நாடி தளரும். இமையும் கெண்டைக்கால் தசையும் புழு நெளிவது போலத் துடிக்கும். முற்றினால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். துணியிலும் மூச்சிலும் பூண்டு நாற்றமோ மண்ணெண்ணெய் நாற்றமோ வீசலாம். எல்லா அடையாளமும் எல்லாரிடமும் ஒருசேர வரும் என்று காத்திருக்காதீர்கள். வயலில் தெளித்தவனிடம் இவற்றில் இரண்டு மூன்று கண்டால், வெயிலென்றும் குடியென்றும் சொல்லாமல், நஞ்சென்று சொல்லுங்கள்!

சொன்னபின் செய்ய வேண்டியவை சில. 108க்குச் சொல்லுங்கள். ஆளைத் தோப்பைவிட்டு வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள். நனைந்த சட்டையையும் வேட்டியையும் கழற்றி எறியுங்கள். அந்தத் துணி உடலில் இருக்கும்வரை நஞ்சு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சோப்புப் போட்டு, தண்ணீர் விட்டு, தலைமயிர், நகக்கண், மடிப்பு எல்லாம் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறை வேண்டும், இல்லையேல் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் இறங்காதபடி இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

செய்யக் கூடாததையும் கேளுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று சாணிக் கரைசலும் சோப்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் புகட்டுகிறார்களே, வேண்டாம்! தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். தளர்ந்து கிடப்பவன் வாயில் ஊற்றுவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். நஞ்சு கொல்லாதவனை நம் அன்பு கொன்றுவிடும்.

இன்னொன்று, மறவாதீர்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்! எல்லா நஞ்சும் ஒன்றல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லி உள்ளே போனவருக்குக் காரணமின்றிப் பிராணவாயு ஏற்றினால் நுரையீரல் மேலும் கெடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தின்றவர் முதல்நாள் நலமாகவே தோன்றுவார். சில நாள் கழித்துக் கல்லீரல் அழியும். "நல்லாத்தானே இருக்கான்" என்று அழைத்துப் போன குடும்பங்கள் பின்னர் அழுதன. டப்பாவின் எழுத்தைப் படித்தால்தான் டாக்டருக்கு வழி தெரியும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? பூச்சிக்கொல்லி தாக்கியவருக்கு உயிர் தரும் மருந்து அட்ரோபின். மெய்யாகவே மருந்து என்ற பெயருக்கு உரியது இதுதான்! சீமையிலிருந்து தங்க விலைக்கு வருவதன்று. விலை குறைந்தது, பழையது, அரசு மருத்துவமனையில் கிடைப்பது. ஊசியாகப் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, பயன் போதாவிட்டால் அளவை இரட்டிப்பாக்குவார்கள். நெஞ்சின் கறகறப்பு நீங்க வேண்டும், நாடி 80க்கு மேல் வர வேண்டும், இரத்த அழுத்தம் ஏற வேண்டும், அதுவரை விடமாட்டார்கள். மூச்சு தளர்ந்தால் செயற்கைச் சுவாசம் தருவார்கள், வலிப்பு வந்தால் டயசிபாம் போடுவார்கள். பிராலிடாக்சிம் என்றொரு மருந்தும் உண்டு. அதனால் எவ்வளவு பயன் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. அட்ரோபினைப் பற்றி அப்படி வேற்றுமை இல்லை.

இரண்டாம் நாள் ஆள் எழுந்து உட்காருவான். "வீட்டுக்குப் போகலாம்" என்பான். விடாதீர்கள்! முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே ஒரு கண்டம் காத்திருக்கிறது. கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரெனச் சோர்ந்துபோகும். இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987ஆம் ஆண்டு இதை விளக்கி எழுதினார்கள். பக்கத்தில் இருக்கும் உறவினரும் கவனிக்கலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க இயலவில்லை என்றால், அந்தக் கணமே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

மனம் உடைந்து தாமே நஞ்சை அருந்தியவர்களும் அந்தக் கட்டில்களில் கிடக்கிறார்கள். "போலீஸ் கேசாகிவிடும், வெளியே சொல்லாதே" என்று வீட்டார் மறைக்கிறார்கள். டாக்டரிடம் "வயிற்றுவலி" என்று பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய் அட்ரோபினைத் தாமதப்படுத்துகிறது. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் என்ன சொல்கிறது? உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குத் தண்டனை கூடாது, அவரைப் பேணுவது அரசின் கடமை என்கிறது. ஆகவே அச்சம் வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள். துயரம் தாளாதவர் 104க்கோ 14416க்கோ பேசினால் கேட்க ஆள் இருக்கிறது. பிழைத்து வந்தவரை ஏளனம் செய்யும் நாக்கும் நஞ்சுதான்!

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு கேரளத்தில் கோதுமை மாவுப் பண்டம் உண்டவர்கள் கொத்துக் கொத்தாய் விழுந்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் மாவும் ஒரே கப்பலில் வந்ததன் விளைவு அது. அந்தப் பிணங்களின் மேல்தான் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும் எழுந்தன. டப்பாவிலே சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமைக்கு ஏற்ப நிறம் காட்டச் சொன்னது விதி. சிவப்பே மிகக் கொடியது. கையுறை, முகமூடி, காப்புடை, முதலுதவி, முறிமருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்தது விதி. நஞ்சூட்டம் நேர்ந்தால் அறிவிக்கச் செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது சட்டத்தின் 26ஆம் பிரிவு.

ஏட்டிலே கையுறை இருக்கிறது, தோழன் கையிலே இல்லையே! ஏட்டிலே முகமூடி இருக்கிறது, அவன் முகத்திலே அழுக்குத் துண்டுதானே! 2013ஆம் ஆண்டு பீகாரில் சாப்ரா அருகே ஒரு பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். நம் பக்கத்தில் கூன்வண்டைக் கொல்ல வாழைத் தண்டில் ஊசி குத்திச் செலுத்தினார்களே, அதே நஞ்சு! குழந்தைகள் மாண்டு பத்தாண்டுக்குப் பிறகு, 2023இல்தான் அதன் 36 விழுக்காட்டுக் கரைசலைத் தடுக்கும் ஆணை ஒன்றிய அரசிடமிருந்து வந்தது. பரண்மேல் பழைய டப்பா கிடந்தால் இன்றே பாருங்கள். காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நசுக்கி ஒழியுங்கள்.

"தடுத்தால் பயிர் அழியும், பஞ்சம் வரும்" என்று பயமுறுத்துவோர் உண்டு. அவர்களை இலங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். மோனோகுரோட்டோபாசையும் மெத்தாமிடோபாசையும் 1995இல் விலக்கினார்கள், எண்டோசல்பானை 1998இல் விலக்கினார்கள். தற்கொலைச் சாவு இருபது ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. வயல் பாலையாகிவிடவில்லை, விளைச்சல் அதனால் வீழவில்லை. கொடிய நஞ்சைக் கடையிலிருந்து எடுத்தால் உயிர் மிஞ்சும், உணவும் மிஞ்சும்!

தோழர்களே! உங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. நம் படிப்பகத்துச் சுவரிலே, டீக்கடைப் பலகையிலே, நான்கு வரி எழுதி வையுங்கள். பாவை சுருங்கி எச்சில் வழிந்தால் நஞ்சு. துணியைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு. எதையும் புகட்டாதே. டப்பாவோடு மருத்துவமனைக்கு ஓடு. படிக்கத் தெரியாத தோழனுக்குப் படித்துக் காட்டுங்கள். நிலத்துக்காரரிடம், "கையுறை எங்கே ஐயா? முகமூடி எங்கே ஐயா?" என்று தலைநிமிர்ந்து கேளுங்கள். அது பிச்சையன்று, விதியில் எழுதிய உரிமை.

கதையின் யானைக்குத் தும்பிக்கையில் புகுந்தது என்னவென்று சொல்ல ஒருவரும் இல்லை. அதனால் மாண்டது. நம் தோழனுக்குச் சொல்ல நாம் இருக்கிறோம். சொல்வோம்!