உங்களுக்குத் தெரியுமா? வேலிகாத்தானை விதைப்பது ஆடு!

செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் தரிசுகளிலும் வேலிகாத்தான் என்னும் சீமைக் கருவேலத்தை இன்று பெரும்பாலும் பரப்புவது, மேயப் போகும் ஆடுமாடுகள்தான்.

• இலை கசக்கும், ஆடு தொடாது. காயோ இனிக்கும், விரும்பித் தின்னும். கெட்டித் தோலுள்ள விதை வயிற்றில் செரிக்காது. தோல் மட்டும் இளகி, புழுக்கையோடு புது இடத்தில் விழும். முளைக்க எருவும் கூடவே கிடைத்துவிடுகிறது!

• வெட்டினால் சாகாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பலவாகத் துளிர்க்கும். வேரோடு பெயர்த்தால்தான் ஏரி பிழைக்கும். கன்றாக இருக்கும்போதே பிடுங்குவது சுலபம்.

• பூர்வீகம் மெக்சிகோ, தென் அமெரிக்கா. இந்தியாவுக்கு வந்தது 1870களில்.

• இதுபோல் பரவி ஆக்கிரமிக்கும் அந்நியத் தாவரங்களை அகற்ற, 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.