விலைக்கு இடும் பெயர்

'செலவு' என்னும் சொல்லின் வேர் 'செல்'. 'வரவு' என்பதன் வேர் 'வா'. பணம் வருவதும் போவதும் ஒரே பாதையின் இரு திசைகள் என்பது போல நம் மொழி அவற்றைப் பெயரிட்டிருக்கிறது. கணக்கேட்டிற்கு இது பொருந்தும், மனத்திற்குப் பொருந்தாது. கையைவிட்டுப் போகும் 10 வெள்ளி தரும் வருத்தம், கைக்கு வரும் 10 வெள்ளி தரும் மகிழ்ச்சியினும் பெரிது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் இழப்பை அஞ்சும் இவ்வியல்பை விளக்கினர்.

ஒரு தொகை இழப்பாகத் தோன்றுமா, ஆதாயமாகத் தோன்றுமா என்பதை, பல வேளைகளில் அத்தொகைக்கு இடப்படும் பெயரே முடிவு செய்கிறது. அமெரிக்காவில் கடன் அட்டை பரவியபோது, அட்டைக்கு ஒரு விலையும் ரொக்கத்திற்கு ஒரு விலையும் வைக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. வேறுபாடு இருந்தே தீருமாயின், அதனை 'அட்டைக்குக் கூடுதல் கட்டணம்' என்று சொல்லாமல் 'ரொக்கத்திற்கு விலைக்கழிவு' என்றே சொல்ல வேண்டும் என அட்டைத் துறையினர் விரும்பினர். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இல் இதனைச் சுட்டிக்காட்டினார். ரொக்கத்திற்கு 97 வெள்ளி, அட்டைக்கு 100 வெள்ளி என்பதில் எப்பெயரிட்டாலும் வேறுபாடு 3 வெள்ளியே. எனினும் கழிவை விட்டுக்கொடுக்க இசையும் மனம், கட்டணம் செலுத்தத் தயங்குகிறது.

பை விற்பனையிலும் இதனைக் காணலாம். அமெரிக்காவின் மாண்ட்கமரி வட்டாரத்தில், சொந்தப் பை கொண்டுவருவோர்க்குச் சில கடைகள் 5 சென்ட் கழிவு அளித்துவந்தன. 2012 முதல் கடைப் பை ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் வரி விதிக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த டாட்டியானா ஹோமனாஃப், கழிவினால் மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றும், வரியால் பைப் பயன்பாடு பெரிதும் குறைந்தது என்றும் கண்டார். சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு பெறப்படுவதும் கழிவாக அன்று, கட்டணமாகவே.

பைக்கு 5 காசு சிறு தொகை. குடும்பத்தின் கடன் அத்தகையதன்று. 'கடன்' என்னும் சொல் பழந்தமிழில் கடமையையும் குறித்தது. இன்றும் அச்சொல்லில் ஒரு பாரம் இருக்கிறது. 'தவணை' என்பதோ காலக்கெடுவை மட்டுமே சுட்டும் சொல். 'மாதம் 50 வெள்ளி, 24 தவணை' என்னும் விளம்பரத்தில் மாதம் தெரிகிறது, கெடு தெரிகிறது. 1,200 வெள்ளிக் கடன் தெரிவதில்லை. '200 வெள்ளிப் பொருளில் 80 வெள்ளி மிச்சம்' என்பதும் அத்தகையதே. அது விற்பவரின் வாக்கியம். வாங்குபவரின் வாக்கியம் '120 வெள்ளி செலவு' என்பதாகும்.

ஆகவே, ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையை நம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தல் நன்று. சொல்லியபின்னும் அப்பொருள் வேண்டுமெனத் தோன்றினால், அவ்விருப்பம் நம்முடையதே.